முதலில் வருஷத்தைச் சொல்லுங்கள்



ஜப்பானில் தமிழ் விழா மேடை ஏறுபவர்கள் ஓனோ சுசுமு பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு தேடிய அறிஞர் அவர். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நகர்கிறேன். எனக்குத் தந்திருக்கும் தலைப்பில் இந்த இரண்டு மொழிகளும் சந்திக்கிற இடம் வேறு. நம் வீட்டுப் பிள்ளையின் வாயில்தான் அவை சந்திக்கின்றன. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

டோக்கியோவில் நம்மவர்கள் நிறைய வாழும் நிஷிகசாயில் இந்தக் கேள்வியைக் கேட்டால் நின்ற இடத்திலேயே பத்துப் பதில் கிடைக்கும். மளிகைக் கடை வரிசையில் ஒன்று, டோசாய் லைன் ரயிலில் ஒன்று, பொங்கல் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வது ஒன்று. என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "எத்தனை வருஷம் இங்கே இருப்பீங்க?" பதில் எல்லோருக்கும் மனப்பாடம். "இன்னும் ரெண்டு வருஷம்தாங்க, அப்புறம் ஊருக்குத்தான்." அந்த ரெண்டு வருஷம் முடிவதற்குள் விசா நீட்டிப்பு வருகிறது, புது ப்ராஜெக்ட் வருகிறது, சில பேருக்கு வீட்டுக் கடனும் வருகிறது. மறுபடியும் ரெண்டு வருஷம். பிள்ளை மட்டும் மூன்றாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று ஏறிக்கொண்டே போகிறது. நான் சொல்ல வந்ததும் இதுதான்: பள்ளியைத் தேடும் முன் வருஷத்தைத் தீர்மானியுங்கள். பதினைந்து வயதில் உங்கள் பிள்ளை எந்த ஊரில் பரீட்சை எழுதப் போகிறது என்று முடிவு செய்துவிட்டால், பள்ளியைப் பற்றிய பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் முன்னால் உள்ள வழிகளைப் பார்ப்போம். 2000-ஐ ஒட்டிக் கணினி வேலைக்காக இந்தியக் குடும்பங்கள் டோக்கியோவுக்கு நிறைய வரத் தொடங்கின. அப்போது பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பள்ளி என்றால் பழைய பள்ளிகள்தான். யோகோஹாமாவின் செயின்ட் மோர் 1872-இல் தொடங்கியது, டோக்கியோவின் அமெரிக்கன் ஸ்கூல் 1902-இல் தொடங்கியது. தூதரகத்தாரும் பெரிய கம்பெனிகளும் கட்டணம் கட்டும் பள்ளிகள். இன்றும் அத்தகைய பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 20 லட்சம் யென்னைச் சுலபமாகத் தாண்டும். கம்பெனி கட்டினால் யோசிக்க வேண்டாம். நாம் கட்டுவதென்றால், இரண்டாவது பிள்ளையையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு யோசியுங்கள்.

இந்த நெருக்கடியில்தான் 2004-இல் கோத்தோ வார்டில் இந்தியா இன்டர்நேஷனல் ஸ்கூலும், 2006-இல் எதோகாவா பக்கம் குளோபல் இந்தியன் பள்ளியும் வந்தன. சிபிஎஸ்இ பாடம், ஏப்ரலில் வகுப்புத் தொடக்கம், தாங்கக்கூடிய கட்டணம். சீக்கிரம் ஊர் திரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் அங்கே ஜப்பானிய மொழி ஒரு பாடம், அவ்வளவுதான். மற்றப் பாடங்களெல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பிள்ளை பின்னால் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மூன்றாவது, தெருக்கோடியில் இருக்கும் அரசுப் பள்ளி. தொடக்கப் பள்ளி ஆறு வருஷம், நடுநிலை மூன்று வருஷம், படிப்புக் கட்டணம் கிடையாது, பாடப் புத்தகமும் இலவசம். வெளிநாட்டுக் குடும்பத்துக்குக் கட்டாயம் இல்லை, வார்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தால் சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளை ரான்டோசெரு என்ற முதுகுப் பையை மாட்டிக்கொண்டு தானாக நடந்து போகும், வகுப்பறையைத் தானே துடைக்கும், பரிமாறும் முறை வந்தால் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு மதிய உணவு பரிமாறும். சைவக் குடும்பங்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த உணவில் வரும் சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். வீட்டுச் சாப்பாடு கொடுத்துவிடலாமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் எல்லோரும் ஆசைப்படுவது, இருமொழிப் பள்ளி. ஷிசுவோகா மாநிலம் நுமாசுவில் காத்தோ காகுயென் 1992-இலேயே பல பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தும் இமெர்ஷன் வகுப்பைத் தொடங்கியது. குன்மா மாநிலம் ஓத்தாவில் 2005-இல் குன்மா கொகுசாய் அகாடமி வந்தது. இரண்டுமே ஜப்பானியக் கல்விச் சட்டத்தின் முதல் பிரிவில் வரும் முறையான பள்ளிகள். பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்', 'பைலிங்குவல்' என்று போட்டிருக்கும் எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. பல சர்வதேசப் பள்ளிகள் சட்டத்தில் 'இதர வகைப் பள்ளி'. சிலவற்றுக்கு அந்த அந்தஸ்தும் கிடையாது. அங்கே ஒன்பது வருஷம் படித்தாலும் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி முடித்த சான்று கிடைக்காது. பின்னால் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக நினைத்தால் இது குறுக்கே வரலாம். ஜப்பானியரை மணந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு ஜப்பானியக் குடியுரிமை இருந்தால் முதல் பிரிவுப் பள்ளியில் படிக்க வைப்பது பெற்றோரின் சட்டக் கடமை.

இருமொழிப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது நீச்சல் குளத்தையும் ரோபோட்டிக்ஸ் அறையையும் காட்டுவார்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இதையும் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் எந்த மொழியில்? அறிவியல் எந்த மொழியில்? ஆறாம் வகுப்பு முடிவில் பிள்ளைக்கு எத்தனை கான்ஜி எழுத்து எழுதத் தெரியும்? அரசுப் பள்ளியில் முதல் வகுப்புக்கு 80, ஆறு வருஷத்தில் மொத்தம் 1,026. இதில் பாதியைக்கூட எட்டாத பள்ளி ஜப்பானியத்தைப் பேசக் கற்றுக்கொடுக்கிறது, படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கடைசியாக, இடைவேளையில் மைதானத்து ஓரமாக ஐந்து நிமிஷம் நில்லுங்கள். பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்களோ அதுதான் அந்தப் பள்ளியின் மொழி.

இப்போது அந்த ரெண்டு வருஷத்துக்கு வருகிறேன். கனடாவின் ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் சொன்னது ஆசிரியர்களுக்கெல்லாம் தெரிந்த கணக்கு. புது மொழியில் விளையாடவும் பேசவும் பிள்ளைக்கு ஏறத்தாழ இரண்டு வருஷம் போதும். அதே மொழியில் பாடம் படித்து, யோசித்து, எழுத ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகும். ஆக, ரெண்டு வருஷம் உள்ளூர்ப் பள்ளி, ரெண்டு வருஷம் இந்தியப் பள்ளி, நடுவில் ஒரு வருஷம் சென்னை என்று மாற்றிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? எல்லா மொழியும் பேச வரும், எந்த மொழியும் பாடத்துக்கு உதவாது. அப்படிப்பட்ட பிள்ளை முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு; ஜப்பானிய ஆசிரியர்கள் அதை 'ஒன்பது வயதுச் சுவர்' என்பார்கள். கண்ணால் பார்ப்பதை விட்டுக் காரணத்தைப் பாடமாகப் படிக்க ஆரம்பிக்கிற வயது அது.

நம் தமிழ் வகுப்பில் ஒரு நான்காம் வகுப்புப் பையன். ஜப்பானியத்தில் பேசினால் கடைக்காரரே உள்ளூர்ப் பிள்ளை என்று நினைப்பார். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் ஏன் நனைகிறது என்று கேட்டேன். அந்த வருஷத்துப் பாடம்தான். ஜப்பானியத்தில் ஆரம்பித்தான், ஆங்கிலத்துக்குத் தாவினான், "அதான் சார், அது வந்து… தண்ணி வெளியே வருது" என்று தமிழில் முடித்தான். அவன் மக்குப் பிள்ளை இல்லை. ஐந்து வருஷத்தில் மூன்று பள்ளி மாறியவன்.

இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, தமிழை அதனிடம் விட்டுவிட முடியாது. பள்ளி மொழியில் பிள்ளை தடுமாறும் காலத்தில் யோசிக்கக் கைகொடுப்பது வீட்டு மொழிதான். பள்ளியில் ஆங்கிலம் வர வேண்டும் என்று வீட்டிலும் நாம் ஆங்கிலத்துக்கு மாறினால், அந்தப் பிடியும் போய்விடும். இரவுச் சாப்பாட்டில் அந்த டம்ளர் ஏன் நனைந்தது என்று தமிழில் பேசுங்கள். காரணத்தைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அதையே ஜப்பானியத்தில் சொல்ல வார்த்தைகள் மட்டும்தான் பாக்கி.

ஆக, இரண்டு மூன்று வருஷத்தில் நிச்சயம் திரும்புகிறவர்கள் இந்தியப் பள்ளியில் சேருங்கள், ஒன்பதாம் வகுப்பில் சிபிஎஸ்இ பதிவு இருப்பதால் எட்டு முடிவதற்குள் ஊர் போய்ச் சேருங்கள். இங்கேயே தங்குகிறவர்கள் முதல் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் விடுங்கள், ஐந்தாம் வகுப்பில் கொண்டுபோய் விடாதீர்கள். மூன்றாவது நாட்டுக்குப் போகலாம் என்கிற வாய்ப்பு உள்ளவர்கள், பையில் பணமும் பொறுமையும் இருந்தால், ஐபி பாடத்திட்டம் உள்ள சர்வதேசப் பள்ளியையோ இருமொழிப் பள்ளியையோ பாருங்கள். ஊர் திரும்பாதவரை, எதில் சேர்த்தாலும் குறைந்தது ஐந்து வருஷம் அங்கேயே விடுங்கள்.

நம் தமிழ்ச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஏப்ரலில் முதல் வகுப்பு போகும் பிள்ளைகளுக்கு வார்டு அலுவலகம் இலையுதிர் காலத்திலேயே சேர்க்கை வேலையை ஆரம்பித்துவிடும், உடல்நலப் பரிசோதனையும் அப்போதே. அதற்கு முன்பு, செப்டம்பரில் ஒரு மாலை, அந்த வயதுப் பிள்ளை உள்ள குடும்பங்களை மட்டும் கூட்டுவோம். நான்கு வகைப் பள்ளியிலும் படித்து முடித்த நம் பிள்ளைகளே வந்து பேசட்டும், விண்ணப்பப் படிவத்தை நிரப்ப ஜப்பானியம் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். கணவனும் மனைவியும் அந்த மாலைக்கு வருவதற்கு முன் வருஷத்தை மட்டும் பேசி முடித்துவிட்டு வாருங்கள். படிவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.