கல்லில் உறங்கும் குதிரைவால்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

புணேயில் வாழும் நாம் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறையின்மேல் குடியிருக்கிறோம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த குழம்பு அது. ஆனால் இதே மகாராஷ்டிரத்தின் கீழ்த்திசையில், நாகபுரியை அடுத்த காம்தியில், அதனினும் மிக மூத்த மணற்பாறைகள் உள. அவற்றின் வயது ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள். அப்பாறைகளில் பதிந்துள்ள ஒரு செடியைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

குதிரைவால் செடி என்பது அதன் பெயர். நம் பாட்டிமார் சோறாக்கிய குதிரைவாலி வேறு, அது தானியம். இதுவோ பூவும் விதையும் இல்லாதது. ஸ்போர் எனும் நுண்பொடியால் பெருகுவது. தண்டு மூங்கில்போல் கணுக்கணுவாய், உள்ளே துளையுடையதாய், நெடுக வரியோடியிருக்கும். கணுதோறும் சிற்றிலைகள் வட்டமாய்ச் சூழ்ந்து நிற்கும்.

நாகபுரியில் பணியாற்றிய பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப் இத்தகைய படிவங்களைத் திரட்டினார். 1861-இல் பன்பரி என்னும் ஆங்கில அறிஞர் அவற்றை ஆராய்ந்து, ஒன்றிற்கு 'ஃபில்லோதீக்கா இண்டிகா' எனப் பெயரிட்டார். இலைகளின் அடிப்பகுதி ஒன்றாய் இணைந்து, தண்டைச் சுற்றி உறைபோல் அமைந்திருப்பதே அதன் அடையாளம்.

ஐரோப்பாவின் நிலக்கரிக் காடுகளிலோ, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், இக்குலத்துக் காலமைட்டீஸ் 20 மீட்டர் உயரம்வரை மரமாய் ஓங்கியது. மரம் சாய்ந்தபின் தண்டின் துளைக்குள் சேறு புகுந்து கல்லாயிற்று; தண்டு அழிந்தும் அதன் உள்வடிவம் நின்றது. ஆற்று வெள்ளம் வண்டலைக் கொட்டி அடிமரத்தை மூடியபோது, புதையுண்ட கணுக்களே வேர்விட்டுப் புதுத்தண்டு எழுப்பியதற்கும் பாறையில் சான்று உண்டு.

அம்மரங்கள் மறைந்தன. இன்று இக்குலத்தில் ஒரே பேரினம் எஞ்சியுள்ளது. இமயத்து ஓடைக்கரைகளிலும் அது வளர்கிறது. மண்ணுக்கடியில் தண்டு ஓடுவதால், மேலே அறுத்தாலும் மீண்டும் துளிர்க்கும். தண்டில் சிலிக்கா மிகுந்திருப்பதால் மேனாட்டார் அதைக்கொண்டு பாத்திரம் துலக்கினர்.

இதனைச் சங்க மேடையில் கூறுவானேன்? நம் பிள்ளைகள் மராத்தியும் ஆங்கிலமும் கற்று உயர்கின்றனர், மகிழ்ச்சியே. ஆயின் வீட்டுத் தமிழ், 'உண்டாயா, உறங்கினாயா' என்ற அளவில் நின்றுவிடலாகாது. கணு, துளிர், வண்டல், படிவம் ஆகிய சொற்களெல்லாம் நம்மிடம் உள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிய மரங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அவற்றின் கதையைத் தமிழிலேயே கூறுங்கள். வழங்காத சொல்லும் நாளடைவில் கல்லாகிவிடும்.