இடுகாட்டு ஏடும் குடும்ப வரலாறும்

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நமக்குக் குடும்ப வரலாறு என்பது பெரும்பாலும் பாட்டியின் வாய்மொழியோடு நின்றுவிடுகிறது. “உன் தாத்தாவின் தங்கை மூணாற்று மலைக்குப் போனவள், அங்கேயே கண்ணை மூடிவிட்டாள்” என்பார்கள். எந்த ஆண்டு, எந்த எஸ்டேட், எந்த மண்ணில் அடக்கம் என்று கேட்டால் விடை வருவதில்லை. தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழர் பலருக்குத் தேவிகுளம், பீருமேடு, சிற்றூர் முதலிய கேரள எல்லைப் பகுதிகளில் இத்தகைய உறவுகள் இருந்திருக்கக் கூடும். அவர்களைத் தேடிக் காண இடுகாட்டு ஏடுகள் எங்ஙனம் துணை செய்யும் என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

மூணாற்றில் ஒரு குன்றின்மேல் பழைய ஆங்கிலத் திருச்சபைக் கோயில் ஒன்று உண்டு. அதனைக் கட்டத் தொடங்கியது 1910ஆம் ஆண்டில்தான். ஆனால் அதன் இடுகாடோ கோயிலினும் மூத்தது. 1894 டிசம்பரில், மலைக்கு வந்து சில நாட்களே ஆன எலியனர் நைட் என்னும் ஆங்கில மாது காலராவுக்கு இரையாகி அக்குன்றிலே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் கணவர் தோட்ட நிருவாகத்தில் இருந்தவர். ஆதலின் அம்மையாரின் பெயர் கல்லிலும் நின்றது, ஏட்டிலும் நின்றது. அதே மலையில் காடு திருத்தித் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளரும் கொள்ளை நோய்க்கும் குளிருக்கும் மாண்டனர். அவர்களுள் மிகப் பலருக்குக் கல் இல்லை; ஏடு இருந்தால் அதுவே கல்.

அவ்வேட்டை எங்கே தேடுவது? கிறிஸ்தவக் குடும்பமாயின், பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில் முதலில் பார்க்கவேண்டும். மறைமாவட்ட எல்லைகள் காலந்தோறும் மாறியவை என்பதையும் மறத்தலாகாது. மூணாற்றுப் பகுதியின் லத்தீன் பங்குகள் வராப்புழையின் கீழ் இருந்து, 1930இல் பிறந்த விஜயபுரம் மறைமாவட்டத்திற்குச் சென்றன. பாலக்காட்டுப் பங்குகளுள் பல, 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் தோன்றும்வரை கோயம்புத்தூரையோ கோழிக்கோட்டையோ சார்ந்திருந்தன. பிற சமயத்தார்க்கு உள்ளாட்சியின் இறப்புப் பதிவேடே முதற் சான்று. இங்கே ஒரு விதியை மனத்தில் கொள்ளவேண்டும். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் அது பதிவாகும். சொந்த ஊரில் பதிவாகாது. மலையில் மாண்டவர் பெயரைத் திருநெல்வேலியில் தேடிப் பயனில்லை.

ஆட்சி எல்லைகளும் மாறின. பாலக்காடு 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை; இடுக்கி என்னும் மாவட்டமே 1972இல்தான் அமைந்தது. எனவே பழைய அரசாங்கக் கோப்புகளைத் தேடுவோர் மலபாருக்குக் கோழிக்கோட்டு ஆவணக் காப்பகத்தையும் சென்னை எழும்பூர்க் காப்பகத்தையும், திருவிதாங்கூருக்குத் திருவனந்தபுரத்தையும் நாடுதல் பொருந்தும்.

ஏடு கைக்கு வந்தபின் அதனைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை நன்கு அறிவோம். தமிழ்ப் பெயரை மலையாள எழுத்தர் காதால் கேட்டு எழுதியிருப்பார். ஆங்கிலப் பாதிரியார் வேறு விதமாக எழுதியிருப்பார். ஒரே மாடசாமி மூன்று ஏடுகளில் மூன்று பேராகத் தோன்றுவான். ஆதலால் பெயரை மட்டும் நம்பாமல், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, எஸ்டேட்டின் பெயர் இவற்றைச் சேர்த்தே பார்க்கவேண்டும். ஆண்டுக் கணக்கிலும் இடர் உண்டு. “தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் போனார்” என்று மலையில் சொன்னால், அது கொல்லம் ஆண்டு 1099. ஆங்கிலக் கணக்கில் 1924. கொல்லம் ஆண்டு ஆவணித் திங்களில், அவர்கள் சொல்லும் சிங்ஙத்தில், தொடங்குவதால், அன்று முதல் டிசம்பர் முடியவுள்ள நாட்களுக்கு 824உம், ஜனவரிக்குப் பின்னுள்ள நாட்களுக்கு 825உம் கூட்டவேண்டும்.

இனி, ஒரே குழியில் பலர் துயிலும் கல்லறைகளைக் காண்போம். ஒன்றாகக் கிடப்பவரெல்லாம் உறவினர் என்று முடிவு கட்டுதல் தவறு. லண்டன் நகரத்துப் பழைய இடுகாடுகளில், தனிக் குழிக்குப் பணமில்லாத ஏழைகள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே குழியில் அடக்கமாயினர். கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் குடும்பக் கல்லறையை ஆண்டுகள் கழித்துத் திறந்து அடுத்தவரை வைப்பதுண்டு. பொதுக் குழியாயின், எலும்புகளை எடுத்து அஸ்திக்குழியில் சேர்த்துவிட்டு இடத்தை வேறொருவர்க்குத் தருவதும் உண்டு. ஆகவே ஏட்டில் உள்ள குழி எண், அன்று வைத்த இடத்தைக் காட்டுமே தவிர, இன்று அவர் அங்கு இருப்பதை உறுதி செய்யாது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணவேண்டா. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்களின்மேல் மலை சரிந்தது. மாண்டவர் 70 பேர். அவர்களுள் பெரும்பாலோர் கயத்தாற்று வட்டாரத்திலிருந்து முன்னோர் காலத்தில் மலையேறிய தமிழ்க் குடும்பத்தினர். பலரை ராஜமலையில் பெருங்குழிகளில் வரிசையாக அடக்கம் செய்தனர். கிடைத்த உடல்கள் 66, நால்வர் கிடைக்கவேயில்லை. நூறாண்டு கழித்து ஒரு பேரன் வந்து தேடினால் என்ன காண்பான்? ஒரே நாள், ஒரே இடம், ஒரே மண். பெற்றோர் பெயரைக் கொண்டுதான் ஒரு வீட்டாரை மற்றொரு வீட்டாரிடமிருந்து அவன் பிரித்தறிய இயலும். அந்த நால்வர்க்கோ பெயர் உண்டு. மண்ணில் இடம் இல்லை.

2024 ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் நேர்ந்த நிலச்சரிவில் இதற்கு மாறான துயரைக் கண்டோம். அடையாளம் காண இயலாத உடல்களையும் உடற் பகுதிகளையும் புத்துமலையில் அடக்கம் செய்து, கல்லில் பெயருக்கு மாற்றாக எண்ணைப் பொறித்தனர். அவர்கட்கு இடம் இருந்தது, பெயர் இல்லை. பின்னர் மரபணுச் சோதனையால் எண்கள் சில பெயர்களாயின. ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட குழிகளில் இருந்ததும் தெரியவந்தது. அங்கே உறவினர் தேடி அலைந்தது ஒரு பெயரைத்தான்.

ஆகவே நேயர்களே, இறந்தோர் வரலாற்றைத் தேடுவோர்க்கு இருப்போர் செய்யவேண்டிய கடமையும் ஒன்று உண்டு. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். ஓராண்டு கடந்தால் நடுவரின் ஆணை வேண்டியிருக்கும். பதியும்போது பெற்றோர் பெயரையும் வயதையும் திருத்தமாகச் சொல்லுங்கள். சொந்த ஊரின் பெயரையும் குடும்பக் குறிப்பில் எழுதிச் சேர்த்து வையுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவேட்டின் நகலை நாம் கேட்டுப் பெறலாம். இறப்பின் காரணம் மட்டும் அந்நகலில் இராது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மலையில் வாழ்ந்த பெரியவர் ஒருவரிடம் எஸ்டேட்டின் பெயரையும் லயத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவ்விரண்டும் கைவசம் இருந்தால், எந்தப் பங்குக் கோயிலின் கதவைத் தட்டுவது, எந்தப் பஞ்சாயத்துக்கு எழுதுவது என்பது தானே விளங்கும்.