பெயர் குறித்துத் தண்டிக்கும் சட்டம்

(கல்முனையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



அமெரிக்க அரசியலமைப்பிலே குடிமக்களுக்குள்ள உரிமைகளைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். அதற்காக வாஷிங்டன் வரை செல்ல வேண்டியதில்லை. இக்கல்முனைத் தொகுதியில் எழுந்த வழக்கொன்றே அவ்வுரிமைகளுள் ஒன்றை விளக்கப் போதுமானது.

1965ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இத்தொகுதி மக்கள் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் அவர்களைத் தம் பிரதிநிதியாகத் தெரிவு செய்தார்கள். அதற்கு முன்னரே, 1959இல் நியமிக்கப்பெற்ற ஆணைக்குழுவொன்று, பாராளுமன்ற உறுப்பினர்கள் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரித்து, அவர் மீதான குற்றச்சாட்டு நிரூபணமாயிற்றெனக் கூறியிருந்தது. தேர்தல் நடந்த அவ்வாண்டிலேயே 14ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அவரையும் வேறு சிலரையும் பெயர் குறித்து, ஏழாண்டுகளுக்கு வாக்களிக்கவோ தேர்தலில் நிற்கவோ தகுதியற்றவராக்கியது அச்சட்டம். அவருடைய ஆசனமும் பறிபோயிற்று. இதற்கு ஆதாரமாக நின்றது ஆணைக்குழுவின் அறிக்கை; நீதிமன்றத் தீர்ப்பன்று.

தம்மை உறுப்பினராக ஏற்று வேதனம் வழங்கவேண்டுமெனப் பிரதிநிதிகள் சபையின் எழுதுவினைஞருக்கு எதிராக அவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் மறுத்தது. இலண்டனிலுள்ள கோமறைக் கழகமும் 1967இல் மறுத்தது. மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நிறைவேறிய சட்டமாதலின் அது அரசியலமைப்பைத் திருத்தவல்லது. பொதுவாழ்வைத் தூய்மையாக வைத்திருப்பதே அதன் நோக்கமாதலின் அது தண்டனையுமன்று என்பது அக்கழகத்தின் முடிபு.

இனி அமெரிக்காவைப் பாருங்கள். நீதிமன்ற விசாரணையின்றி ஒருவரைக் குற்றவாளியாக்கித் தண்டிக்கும் சட்டத்தை இயற்றலாகாதென 1787இல் எழுதப்பெற்ற அவ்வரசியலமைப்பே காங்கிரசையும் மாநிலங்களையும் தடுக்கின்றது. 1943இல் காங்கிரஸ் மூன்று அரசாங்க ஊழியர்களைப் பெயர் குறித்து, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாகாதெனச் சட்டம் செய்தது. நாட்டுக்கு விரோதமான கருத்துடையோர் என்பதே அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பழி. அம்மூவருள் ஒருவரான லவெட் என்பாரின் பெயரால் அறியப்படும் அவ்வழக்கில், 1946இல், அரசாங்கப் பணியினின்றும் ஒருவரை ஒதுக்கிவைப்பதும் தண்டனையே என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்த்தது.

ஊதியம் கேட்டு அங்கும் வழக்கு. ஊதியம் கேட்டு இங்கும் வழக்கு. அங்கே தண்டனை எனப்பட்டது, இங்கே தூய்மை எனப்பட்டது!

"இலஞ்சம் வாங்கியவரென்று கண்டறியப்பட்டவருக்கா பரிந்து பேசுகின்றீர்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இலஞ்சத்துக்காக யான் வாதாடவில்லை. குற்றஞ்சாட்டிச் சாட்சியங்களை நீதிமன்றத்தின் முன் வைத்துத் தீர்ப்புப் பெற்றிருந்தால், யான் இன்று இதைப் பேசியிருக்கமாட்டேன். நீதிபதி தீர்க்கவேண்டியதை வாக்கெடுப்புத் தீர்க்கலாமா என்பதே என் கேள்வி. அதுமட்டுமன்று. ஆணைக்குழுவின் முடிபு வெளிவந்த பின்னரே இம்மக்கள் அவரைத் தெரிந்தனுப்பினர். அவ்வாக்குகளின் கதி யாது?

அமெரிக்கர்களும் இவ்விடயத்தில் முற்றும் உறுதியாக நின்றாரல்லர். நிக்சனைப் பெயர் குறித்து அவருடைய பத்திரங்களைக் கைப்பற்றிய சட்டத்தை, அது தண்டனையன்று எனக் கூறி 1977இல் அந்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும், அங்கே கேள்வி நீதிமன்றத்தின் முன் எழுப்பப்பட்டது, விடையும் கிடைத்தது.

நம் நாட்டில் நிகழ்ந்ததோ வேறு. 1978இன் அரசியலமைப்பில் 81ஆம் உறுப்புரையாக இம்முறை நிலைபெற்றது. விசேட சனாதிபதி ஆணைக்குழு பரிந்துரைத்தால், பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் ஒருவரின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுகள் வரை பறிக்கலாம். சபாநாயகர் சான்றளித்துவிட்டால் எந்த நீதிமன்றமும் அதனை வினவலாகாது. 1980இல் முன்னாள் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அவ்வுரிமைகளை இழந்தார். கல்முனையிலே தொடங்கியது கொழும்பின் பெருந்தலைவர்களையும் எட்டிற்று. முந்திய சட்டத்திலே பெயர்ப் பட்டியலை நம் தொகுதி கண்டது. இப்போதோ பெயர் எழுதப்படாத வெற்றுத்தாளாக அவ்வுறுப்புரை காத்திருக்கின்றது. அதில் எழுதப்படும் அடுத்த பெயர் எவருடையதென்பதை, மூன்றிலிரண்டு பலம் எவர் கையில் இருக்கின்றதோ அவரே தீர்மானிப்பார்.