உரையும் உடையும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பத்தாண்டுப் படைப்புகளை இணையதளத்தில் ஏற்றியபோது எழுந்த ஒரு சிக்கலைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். தமிழுக்கெனத் தேர்ந்த எழுத்துருவும் வரி இடைவெளியும் தோன்றவில்லை. வரிகள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. படைப்புகளை மீண்டும் தட்டச்சு செய்யலாமென அன்பர் சிலர் கூறினர். குற்றம் உரையில் இல்லை. அதன் உடையில் இருந்தது.

இணையப் பக்கத்தின் உரை ஒரு கோப்பிலும், அதன் தோற்ற விதிகள் 'ஸ்டைல் ஷீட்' எனும் நடைத்தாளிலும் இருக்கும். இம்முறையை ஹோக்கோன் வியூம் லீ 1994இல் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது பரிந்துரைத் தரமாயிற்று. சமவலிமையுள்ள இரு விதிகள் மோதினால் பின்னால் வருவதே வெல்லும். தோணியில் கடைசியாக ஏற்றிய சரக்கே மேலே கிடப்பதை நம் துறைமுகத்தார் அறிவர். வேர்டுபிரஸ் தளத்தில், தாய்த் தீமின் நடைத்தாள் நம் சேய்த் தீமின் நடைத்தாளுக்குப் பின் ஏறியதால் நம் விதிகள் அடியில் புதைந்தன.

உலாவியின் ஆய்வுக் கருவியைத் திறந்தால், தோற்ற விதிகள் கோடிட்டு அடிக்கப்பட்டிருக்கும். வென்ற விதி எந்தக் கோப்பினது என்பதும் தெரியும். நம் கோப்பே அங்கில்லையெனில் முகவரி பிழை. இருந்தும் அடிபட்டிருந்தால் வரிசையோ வலிமையோ காரணம். பழைய விதியே தெரிந்தால் உலாவி சேமித்து வைத்த பழைய படி அது. பதிப்பெண்ணை மாற்றினால் புதியது வரும்.

தாய்த் தீமின் கோப்பையே திருத்துவது எளிதாகத் தோன்றும். அடுத்த புதுப்பிப்பில் அத்திருத்தம் அழிந்துவிடும். ஒவ்வொரு விதிக்கும் 'முக்கியம்' என்று முத்திரையிட்டால் பூசல் பெருகுமேயன்றித் தீராது. சேய்த்தாள் தாய்த்தாளைச் சார்ந்தது என்று பதிவு செய்வதே முறை. அப்போது அது பின்னால் ஏறும்.

இக்கடற்கரையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. கோவாவில் 1577இல் செய்த எழுத்தும் கொல்லத்தில் மறு ஆண்டு செய்த எழுத்தும் அந்நூலில் காட்டப்பட்டுள்ளன. அச்சு மாறினும் தமிழ் மாறவில்லை. தனிக் குறியேற்ற எழுத்துருக்களின் காலத்தில், உரிய எழுத்துரு இல்லாவிடில் பக்கமே படிக்க இயலாது. யூனிகோடு அந்தத் தளையை அறுத்தது.

ஆகவே அன்பர்களே, தளத்தின் தோற்றம் குலையும்போது உரையில் கைவைக்காதீர்கள். மறைந்த நம் கவிஞர்களின் வரிகளை இன்னொரு முறை கேட்டுத் திருத்திக்கொள்ள வழியில்லை.