இடைக்காலக் கடற்கரை: பேரரசும் வணிகமும் மதமும்

(மும்பை தாராவியில் கட்சி உறுப்பினர்களுக்கு நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



இந்திய வரலாற்றை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என மூன்றாகக் கூறுபோட்டவர் ஜேம்ஸ் மில். இந்தியாவில் கால்வைக்காமலேயே அவர் எழுதிய இந்திய வரலாறு 1817இல் வெளிவந்தது. முதல் இரண்டு காலங்களுக்கு மதத்தின் பெயரைச் சூட்டியவர், மூன்றாவதைக் கிறிஸ்தவக் காலம் என்று அழைக்கவில்லை. காலனியாட்சியை நியாயப்படுத்தப் பயன்பட்ட இந்தப் பிரிவினையைத்தான் வகுப்புவாத சக்திகள் இன்று தேசபக்தியின் பெயரால் பரப்புகின்றன.

இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. 1990 செப்டம்பர் 25 அன்று ரத யாத்திரை சோமநாதபுரத்திலிருந்து புறப்பட்டது. இடைக்காலத்தில் நடந்த ஒரு படையெடுப்பின் நினைவு இருபதாம் நூற்றாண்டின் தேர்தல் மூலதனமாக்கப்பட்டது. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது, அதைக் கொண்டாடித் தாராவியில் சைக்கிள் ஊர்வலம் நடத்தப்பட்டதை ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்துள்ளது. அந்த மாதமும் அடுத்த மாதமும் மும்பையில் நிகழ்ந்த கலவரங்களில் 900 பேர் உயிரிழந்தனர். ஆகவே, இடைக்காலத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்வது கட்சி உறுப்பினர்களின் அரசியல் கடமை.

சஞ்சானில் ஓர் அராபிய ஆளுநர்

அதற்கான சான்று மும்பைக்கு அருகிலேயே கிடைத்துள்ளது. நகருக்கு வடக்கே, பால்கர் மாவட்டத்தின் சிஞ்சணி என்னும் ஊரில் சில செப்பேடுகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கி.பி. 926ஆம் ஆண்டுக்குரியது. அப்போது தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூடர்களின் தலைநகரம் உள்நாட்டில், இன்றைய கலபுரகி மாவட்டத்தின் மான்யகேடத்தில் இருந்தது. ஆனால், கொங்கணக் கடற்கரையின் சஞ்சான் பகுதியை ராஷ்டிரகூட மன்னரின் பெயரால் ஆண்டவர் ஓர் அராபியர். செப்பேடு அவரை மதுமதி என்று குறிப்பிடுகிறது. முகமது என்ற பெயரின் சமஸ்கிருத வடிவமே அது.

பக்கத்துத் துறைமுகத் தலைவர்களை அடக்கித் தமது அதிகாரிகளை அங்கு அமர்த்தியவர் அவர். ஆற்றைக் கடக்க இலவச ஓடமும், பசித்தோருக்கு உணவளிக்கச் சத்திரமும் ஏற்படுத்தினார். பிராமணர் ஒருவர் நிறுவிய மடத்துக்கும் பகவதியின் வழிபாட்டுக்கும் நிலக்கொடை கிடைக்கச் செய்தார்.

இதை மத நல்லிணக்கம் என்று மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடலாகாது. இதன் அடியில் இருந்த நலன்களையும் காண வேண்டும். மேற்குக் கடல் வணிகம் பெருமளவு அரபு, பாரசீக வணிகர்களின் கையில் இருந்தது. உள்நாட்டுப் பேரரசுக்குக் குதிரைகளும் சுங்க வருவாயும் தேவைப்பட்டன. வணிகர்களுக்குப் பாதுகாப்பான துறைமுகங்கள் தேவைப்பட்டன. மும்பைக்குத் தெற்கே உள்ள சௌலுக்கு கி.பி. 916 வாக்கில் வந்த அல் மசூதி, அங்கு ஏறத்தாழ 10,000 முஸ்லிம்கள் வாழ்ந்ததாக எழுதினார். அவர்களுடைய விவகாரங்களை நிர்வகிக்க அவர்களிலிருந்தே ஒருவரை மன்னர் நியமித்திருந்தார். அதே ராஷ்டிரகூடர்கள் ஓயாமல் போரிட்டது வட இந்தியாவின் பிரதிகாரர்களுடன், அதாவது மற்றொரு 'இந்து' அரசுடன்!

வணிகம் பல சமயத்தாரை ஒரே ஆவணத்தில் சேர்த்தது. கி.பி. 849இல் கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அளித்த செப்பேட்டில், அரபு, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ளன.

சோமநாதபுரத்திலேயே மற்றொரு சான்று இருக்கிறது. 1026இல் கஜினி முகமது அக்கோயிலைத் தாக்கிக் கொள்ளையடித்தார். இதை மறைக்கவும் தேவையில்லை, குறைத்துச் சொல்லவும் தேவையில்லை. ஆனால், 1264ஆம் ஆண்டின் ஒரு கல்வெட்டு அதே ஊரின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஹோர்முஸ் நகரத்துக் கப்பல் வணிகர் நூருத்தீன் பிரோஸ் அங்கு மசூதி கட்ட நிலம் பெற்றார். உள்ளூர்ப் பெரியவர்களும் கோயில் குருமார்களும் அதற்கு உடன்பட்டனர். இந்த உடன்பாடு சமஸ்கிருதத்திலும் அரபியிலும் பொறிக்கப்பட்டது. 1026ஐ முழங்குவோர் 1264ஐ ஒருபோதும் உச்சரிப்பதில்லை.

சோழர் கையில் கொடையும் கொள்ளையும்

தமிழர்கள் தங்கள் வரலாற்றையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு 1006 வாக்கில் ஆனைமங்கலத்தை வழங்கியவர் சைவரான முதலாம் ராஜராஜன். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைபெறச் செய்த ராஜேந்திரனே 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படையை ஏவினார். பௌத்தத்தின் மீது முதலில் அன்பும் பின்னர் வெறுப்பும் தோன்றியதாகவா இதற்குப் பொருள் கொள்வது? சீனாவுக்குச் செல்லும் கடல்வழி மலாக்கா நீரிணை வழியாகச் சென்றது. ஸ்ரீவிஜயம் அந்த வாயிலில் அமர்ந்திருந்தது. அதைக் கணக்கில் கொள்ளாமல் இப்போரை விளங்கிக்கொள்ள முடியாது. 1088இல் சுமத்ராவில் ஐநூற்றுவர் வணிகக் குழு நிறுவிய தமிழ்க் கல்வெட்டும், 1281இல் குப்ளாய் கான் ஆண்ட சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்களின் சிவன் கோயில் இருந்ததைக் காட்டும் கல்வெட்டும் இந்த வழியின் மதிப்பைச் சொல்கின்றன.

சோழப் படைகள் இலங்கையில் பௌத்த விகாரங்களைச் சூறையாடியதைச் சூளவம்சம் பதிவு செய்கிறது. அதே இலங்கையில் திருகோணமலைக்கு அருகில் ஒரு பௌத்தப் பள்ளி ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயருடன் சோழர் ஆதரவையும் பெற்றது. சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்த ராஜாதிராஜன் அங்கிருந்து துவாரபாலகர் சிலையைப் பெயர்த்து வந்தார். தோற்றவரும் சிவனை வணங்கியவர்களே. எதிரியின் கோயில் எதிரியின் கருவூலமாகவும் அரசுரிமையின் சின்னமாகவும் இருந்ததால்தான் அது தாக்கப்பட்டது.

யாருடைய உழைப்பு?

இந்தச் செல்வம் அனைத்தும் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை வகுப்புவாதிகளும் எழுப்புவதில்லை, பொற்காலப் பெருமை பேசுவோரும் எழுப்புவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் வரி நீங்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர் நத்தத்துக்குத் தனியாகப் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிப்பிடுகின்றன. கடல்கடந்து வென்ற பேரரசின் ஊர்களில் உழைப்பவர்களின் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருந்தது. 1201இல் பஞ்சம் தாக்கியபோது திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமைகளாக விற்றுக்கொண்டார். உபரியைத் திரட்டிய கோயில் அடிமைகளையும் வாங்கியது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, தாணேயிலிருந்து தோலும் பருத்தித் துணியும் பெருமளவில் ஏற்றுமதியாவதைக் குறிப்பிட்டார். அந்நாட்டு மன்னர் கடற்கொள்ளையருடன் கூட்டுச் சேர்ந்திருந்ததையும் எழுதினார்: கொள்ளையில் குதிரைகள் மன்னருக்கு, மற்றவை கொள்ளையருக்கு. தோலை ஏற்றுமதி செய்த வணிகரைச் சமூகம் மதித்தது. தோலைப் பதப்படுத்தியவரைத் தீண்டத்தகாதவர் என்றது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலை வளர்த்த தமிழ் முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அந்த இழிவின் சுமையை நன்கறிவார்கள்.

மதம் ஆளும் வர்க்கத்தின் கருவியாக மட்டுமே இருந்தது என்று சொல்வதும் அரை உண்மையே. 14ஆம் நூற்றாண்டின் மராத்தியக் கவிஞர் சோகாமேளா மகர் சாதியில் பிறந்தவர். விட்டலனைப் பாடிய அவருக்குப் பண்டர்பூர் கோயிலுக்குள் அனுமதி இல்லை. மங்கள்வேடாவில் மதில் கட்டும் வேலையில் சுவர் சரிந்து அவர் மாண்டதாக மரபு கூறுகிறது. அவருடைய சமாதி கோயில் படிக்கட்டின் அருகே உள்ளது. ஒடுக்கப்பட்டவர்களின் எதிர்ப்புக் குரலும் அக்காலத்தில் பக்தியின் மொழியிலேயே எழுந்தது.

உறுப்பினர்களின் கடமை

வெற்றுப் பொற்காலத்தையும் வெற்று இருண்ட காலத்தையும் மறுத்து, சான்றுகளை மக்களிடம் கொண்டு செல்வதே இன்றைய பணி. மும்பையில் பணியாற்றிய டி.டி. கோசாம்பி, வரலாற்றை மன்னர் பட்டியலாகக் காணாமல் உற்பத்தி முறையின் மாற்றமாகக் காணக் கற்றுக்கொடுத்தார். தாராவி, மாட்டுங்கா, செம்பூர்க் கிளைகள் தமிழ்த் தொழிலாளர்களிடமும் அவர்களுடைய மராத்தி, உருது பேசும் தோழர்களிடமும் சஞ்சான் செப்பேட்டையும் சோமநாதபுரத்தின் 1264ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் எடுத்துச் சொல்ல வேண்டும். அதே மூச்சில் தீண்டாச்சேரியையும் சொல்ல வேண்டும். முன்னது வகுப்புவாதப் பொய்யை உடைக்கும். பின்னது சாதியும் சுரண்டலும் எந்த மன்னரின் கொடிக்குக் கீழும் மறைந்துவிடவில்லை என்பதை உணர்த்தும். இரண்டையும் சேர்த்து அறிந்த தொழிலாளியை, அடுத்த முறை ஒரு பழைய போரின் பெயரால் அண்டை வீட்டார் மீது ஏவிவிடுவது எளிதாக இருக்காது.