கீழ் வீட்டுக்குக் கேட்காத கிடார்



ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவைச் சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளில் எலெக்ட்ரிக் கிடார் பழகுவது லேசான காரியமில்லை. வால்வு ஆம்ப் தன் உண்மையான குணத்தைக் காட்ட வேண்டுமானால் சத்தத்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டினால் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்துவிடுவார். வெளியே மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் நாள் முழுக்க ஹாரன் அலறுகிறது, அதை யாரும் கேட்பதில்லை. கிடார் என்றால் மட்டும் எல்லாருக்கும் காது கூசும்!

இதற்கு வழி, ஆம்ப் கேபினெட் சிமுலேஷன் பெடல். காலடியில் கிடக்கும் சின்னப் பெட்டிதான். ஒரு பக்கம் கிடாரைச் சொருகி, மறுபக்கம் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம்.

இது ஆம்பைப் போலப் பேசுகிறது என்றுதான் பலரும் வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் வேலை கேபினெட்டுடையது, அதாவது ஸ்பீக்கர் பெட்டியுடையது. கிடார் ஆம்பில் பெரும்பாலும் இருப்பது 12 அங்குல ஸ்பீக்கர். சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் ஒலி மளமளவென்று சரிந்துவிடும். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கருக்கு அது குறை. கிடாருக்கோ அதுவே குரல். டிஸ்டார்ஷன் பெடலை நேராக மிக்ஸரில் சொருகிப் பாருங்கள், தகரத்தில் ஆணியால் கீறியது போல இருக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. 'பாஸ்டன்' ராக் குழுவின் டாம் ஷோல்ஸ் ஒரு பொறியாளர். 1982-இல் அவர் கொண்டுவந்த ராக்மேன், இடுப்பில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் வாசிக்கும் கருவி. 1989-இல் ஆம்ப் போல ஒலிக்கும் சான்ஸ்ஆம்ப் பெடல் வந்தது. 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் என்ற கருவி, இதையெல்லாம் டிஜிட்டலுக்குக் கொண்டுபோனது. இன்றைய பெடல்களில் 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்றொரு முறை உண்டு. நிஜமான கேபினெட் முன் மைக் வைத்து, தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உச்சம் வரை ஓர் ஒலியை ஓட்டிப் பதிவுசெய்வார்கள். எந்த அதிர்வெண்ணை அந்தப் பெட்டி தூக்குகிறது, எதை அமுக்குகிறது என்பது ஒரு நொடிக்கும் குறைவான கோப்பில் அடங்கிவிடும். நீங்கள் மீட்டும் ஒவ்வொரு ஸ்வரத்தின் மேலும் பெடல் அந்தக் கணக்கைப் போடுகிறது.

வீட்டோடு முடியவில்லை இதன் பயன். ஆடி மாதம் அம்மன் கோயில் மேடைக்கு டூ-வீலரில் போகும் கிடாரிஸ்ட், வாக்ஸ் ஏசி30 போல முப்பது கிலோ ஆம்பை எங்கே வைத்துக் கட்டுவார்? பெடலிலிருந்து ஒரே வயர், நேரே சவுண்ட்காரரின் மிக்ஸருக்கு. கர்நாடக இசைக்கும் இது கைகொடுக்கும். அதை எலெக்ட்ரிக் கிடாரில் வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரே மீட்டலில் கமகம் முழுதும் ஒலி நின்றாக வேண்டும். பெடலில் கொஞ்சம் டிரைவ் (டிஸ்டார்ஷன்) ஏற்றினால் ஹெட்போனிலேயே அது நிற்கும். ஆம்ப் காற்றைத் தள்ளி மார்பில் மோதும் சுகம் மட்டும் இதில் கிடைக்காது.

நிஜ கிடார் ஆம்புக்குள் இதைச் சொருகினால் கேபினெட் பகுதியை அணைத்துவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் ஒலி மந்தமாகிவிடும். இன்னொன்று, பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை மைனஸ். வீட்டில் கிடக்கும் பழைய மோடம் அடாப்டர் அநேகமாக 12 வோல்ட், நடுமுனை பிளஸ். பின் பொருந்துகிறதே என்று சொருகிவிடாதீர்கள்.