நிலத்தடிக் கரியும் நிலமேற் காடும்

நிலத்தின் மேற்றோலை உரித்து வெட்டப்படும் சுரங்கம் காட்டை அழிக்கும் என்பதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். நிலத்தின் கீழே நடைபெறும் சுரங்க வேலையோ காட்டைத் தீண்டாது என்றே பலரும் எண்ணுவர். மரங்கள் மேலே நிற்க, மனிதர் கீழே கரி வெட்டுவாராயின், இவ்விரண்டிற்கும் பகை ஏது? ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எழுந்த ஒரு பிணக்கு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது.

கொலராடோவின் மேற்குப் புறத்திலே, கனிசன் ஆற்றின் வடகிளை பாயும் பள்ளத்தாக்கு ஒன்றுண்டு. தாழ்ந்த நிலத்திற் பழத்தோட்டங்களும், உயர்ந்த சரிவுகளில் ஆஸ்பென், ஸ்புரூஸ் மரக் காடுகளும், மலையின் வயிற்றிற் கந்தகம் குறைந்த நல்ல நிலக்கரியும் அமைந்த இடம் அது. அக்காடுகளிற் பெரும்பகுதி கனிசன் தேசிய வனத்தைச் சேர்ந்தது. அதாவது, பொதுமக்களின் சொத்து. மேலே நிற்கும் காட்டை வனத் திணைக்களம் பரிபாலிக்க, கீழே கிடக்கும் கரியை, 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுநிலப் பணியகம் குத்தகைக்கு விடுகின்றது. குத்தகையால் வரும் உரிமைப்பணத்தில் ஏறக்குறையப் பாதி மாநிலத்தைச் சேரும். ஒரே நிலத்திற்கு மேலொரு காவலன், கீழொரு காவலன் என்னும் இந்த ஏற்பாட்டிலேயே சிக்கலின் வித்து இருக்கின்றது.

இப்பள்ளத்தாக்கிற் கரி வெட்டப்பட்டது நீள்சுவர் முறையினாலாகும். சில நூறு மீற்றர் நீளமான கரிச்சுவரை இயந்திரம் சீவிக்கொண்டு முன்னேறும். கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களும் அதனோடு முன்னே நகரும். விடப்பட்ட வெளியிற் கூரை இடிந்து விழும். அப்போது கரிப்படையிலும் அதைச் சூழ்ந்த பாறையிலும் அடைபட்டிருந்த மீதேன் வாயு வெளிப்படும். காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை அது கலந்திருப்பின், சிறு பொறியும் பெருவெடிப்பை உண்டாக்கும். ஆதலின் தொழிலாளரின் உயிரைக் காக்க, மலைமீதிருந்து கிணறுகள் துளைத்து அவ்வாயுவை வெளியேற்றுகின்றனர். கிணறு துளைக்கும் பொறியைக் கொண்டுசெல்லப் பாதை வேண்டும். பாதைக்கு மரம் வெட்ட வேண்டும். இவ்வாறே நிலத்தடிச் சுரங்கம் காட்டினுள் நுழைகின்றது.

தேசிய வனங்களில் அதுகாறும் பாதையமைக்கப்படாத பகுதிகளைக் காப்பதற்கு 2001ஆம் ஆண்டில் ஒரு விதி பிறந்தது. 2012இல் கொலராடோவுக்கெனத் தனி விதி வகுக்கப்பட்டபோது, ஏறத்தாழ 42 இலட்சம் ஏக்கர் காட்டுக்குக் காப்பளிக்கப்பட்டது. எனினும் வடகிளைப் பள்ளத்தாக்கிலே சுமார் 19,000 ஏக்கரில், சுரங்கத் தேவைக்காகத் தற்காலிகப் பாதைகள் அமைக்க விலக்களிக்கப்பட்டது. அதன் துணையுடன் சுமார் 1,700 ஏக்கரளவில் ஒரு சுரங்கத்தின் குத்தகை விரிக்கப்பட்டது.

இதனை வெறும் பேராசை என்று ஒதுக்குதல் நீதியன்று. அப்பள்ளத்தாக்கின் மூன்று பெருஞ்சுரங்கங்களுள் ஒன்று 2013இல் ஏற்பட்ட தீயின்பின் ஓய்ந்தது. மற்றொன்று 2016இல் நின்றது. வேலையிழந்த குடும்பங்களுக்கு ஒரு குத்தகை விரிவு என்பது கடைக்கணக்கும் வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்புமாகும். தற்காலிகப் பாதையைப் பின்னர் மூடி மரம் நடலாமே என்பதும் அவர்தம் வாதம். காட்டின் பக்கம் நின்றோரோ, எல்க் மான்களும் கருங்கரடிகளும் வாழும் அடர்காட்டிற் பாதை ஒருமுறை புகுந்தால், அதன் வடு நெடுங்காலம் ஆறாது என்றனர்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 2014இல் மாவட்ட நீதிமன்றம் கண்ட குறை கூர்ந்து நோக்கத்தக்கது. குத்தகையால் வரும் நன்மைகளை அதிகாரிகள் பணத்தில் எண்ணிக் காட்டினர். வளிமண்டலத்திற் சேரும் வாயுக்களால் வரும் தீமையையோ எண்ணிக் காட்ட இயலாது என்றனர். அத்தீமைக்கான மதிப்பீடு அவர்களது வரைவறிக்கையில் இடம்பெற்றிருந்தும், இறுதி அறிக்கையில் நீக்கப்பட்டிருந்தது. ஒரு தட்டில் மட்டும் படிக்கல் இட்டு நிறுப்பது நிறுவையாகாது. ஆதலின் விலக்கு இரத்தானது. 2016இல் அவ்விலக்கு மீண்டும் உயிர்பெற்றது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுபடியும் தள்ளியது. பைலட் நொப் என்னும் ஒரு பகுதியை மட்டும் விலக்கினின்று நீக்கினால் என்ன என்ற இடைவழியை அதிகாரிகள் செவ்வனே ஆராயவில்லை என்பதே காரணம். வெளியேறும் வாயுவை எரிக்கும் வழியை ஆராயாமை குற்றமன்று எனவும் அதே நீதிமன்றம் கூறியது. கரி வெட்டலாகாது என்று எத்தீர்ப்பும் சொல்லவில்லை. முழுக்கணக்கும் பாராமல் முடிவு செய்யலாகாது என்றே இரு தீர்ப்புகளும் சொல்லின.

இடைவழிகள் கற்பனையல்ல. அதே பள்ளத்தாக்கின் எல்க் கிறீக் சுரங்கத்திலே, 2012இல், வீணே வெளியேறிய மீதேனைப் பிடித்து 3 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் நிலையம் தொடங்கிற்று. நூறாண்டுக் கணக்கிற் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்த வல்லது மீதேன். அதனை எரித்துப் பயன்கொள்வது வானுக்கு நன்மை. ஆயினும் காட்டினூடே செல்லும் பாதையின் கணக்கை அது தீர்க்காது. அதனைத் தனியே எண்ண வேண்டும்.

2025ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு புகையிரதப் பாதை பற்றிய வழக்கில், சுற்றாடல் அறிக்கைகளைச் சோதிக்கும் நீதிமன்றங்கள் அதிகாரிகளின் முடிவுக்குப் பெருமதிப்பு அளித்தல் வேண்டும் எனத் தீர்த்தது. அதனால் நீதிபதியின் கையிலிருந்த தராசு பெரும்பாலும் அதிகாரியின் கைக்கே மீண்டிருக்கின்றது. கரி ஒருமுறை எடுத்தால் தீர்வது. காடு காத்தால் வளர்வது. இரண்டும் பொதுமக்களின் உடைமையே. ஆகவே குத்தகைப் பத்திரத்திற் கையெழுத்திடுமுன், தொழிலாளியின் ஊதியமும் அவனது உயிர்க்காப்பும், மரத்தின் வேரும், வானிற் கலக்கும் வாயுவும் ஒருங்கே நிறுக்கப்படல் வேண்டும். உடைமையாளரான மக்கள் அக்கணக்கைக் கேட்டுப் பெறும் அளவிலேயே அந்நிறுவை நேர்மையாக நிற்கும்.